செருப்புப் போட்டிருந்தும் ஷாக் அடித்தது

பிளஸ் டூ பிள்ளைகளுக்கு மின்காந்தத் தூண்டல் நடத்துவதுதான் எனக்குச் சம்பளம் தரும் வேலை. முதன்மைச் சுருள், துணைச் சுருள், சுற்றுகளின் விகிதம் என்று கரும்பலகையில் எத்தனை தடவை படம் போட்டிருப்பேன் என்பதற்குக் கணக்கே கிடையாது. அதே சுருள் எனக்குத் தனியாக ஒரு வகுப்பு எடுத்தது, மதுரைக்கு வரும் கள்ளழகரை மக்கள் எதிர்கொண்டு வரவேற்கும் அழகர் எதிர்சேவை அன்றைக்கு, நட்டநடு ரோட்டில்.

வண்டி அப்பாவுடையது. 1986 மாடல் பெட்ரோல் அம்பாசிடர், 1489 சி.சி. அப்பா போன பிறகு விற்க மனசு வரவில்லை. அம்பாசிடர் தயாரிப்பே 2014-ல் நின்றுவிட்டது என்றாலும் மதுரையில் அதைக் கையாளத் தெரிந்த ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். அதில் ஒருவர் பழங்காநத்தத்துப் பட்டறை அண்ணன். அவரிடம் கொண்டுபோகாமல் சின்னச் சின்ன வேலைகளை நானே பார்ப்பேன். பிசிக்ஸ் வாத்தியார் இல்லையா, அந்தத் திமிர்.

மாமியார் வீடு கடச்சனேந்தல். கூட்டம் கட்டுவதற்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று மதியமே கிளம்பினோம். மூன்றுமாவடி தாண்டி ஒரு நீர்மோர்ப் பந்தல். பக்கத்தில் நாலைந்து பயல்கள், அழகருக்குத் தண்ணீர் பீய்ச்ச வைத்திருந்த தோல் துருத்தியில் வெள்ளோட்டம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நெரிசலில் என் வண்டி ஊர்ந்ததைப் பார்த்ததும் அவர்களுக்கு உற்சாகம் வந்துவிட்டது. முன்பக்க கிரில் வழியாக நேராக எஞ்சினுக்குள் ரெண்டு துருத்தித் தண்ணீர். இருநூறு அடி போயிருக்காது, வண்டி இருமியது, குலுங்கியது, நின்றது.

பானட்டைத் தூக்கினேன். வெந்த ரப்பரும் ஈரமும் கலந்த வாடை. பிளக்குகளுக்கு முறை வைத்துக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடி மேல் முத்து முத்தாகத் தண்ணீர். கரண்ட் வருகிறதா பார்க்கலாம் என்று மூடியின் நடுவிலிருந்து காயில் (12 வோல்ட்டை ஆயிரங்களாக ஏற்றும் சுருள்) வயரைப் பிடுங்கி, முனையை எஞ்சின் பிளாக்குக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டேன். வேட்டி மடித்துக் கட்டியிருந்தது. காலில் ரப்பர் செருப்பு. வியர்வையில் நனைந்த சட்டையோடு இடுப்பை மட்கார்டில் சாய்த்திருந்தேன். டிரைவர் சீட்டில் மச்சினன்.

"மாமா, செல்ஃப் அடிக்கவா?"

"அடி மாப்ள."

விரலில் சுரீர் என்று இருக்கும் என்றுதான் எதிர்பார்த்திருந்தேன். விரலில் ஒன்றுமே தெரியவில்லை. முழங்கையில் யாரோ கம்பியால் அடித்த மாதிரி ஒன்று, அதே நேரத்தில் இடுப்பில் ஒரு உதை. கை தானாகப் பறந்து ரேடியேட்டர் விளிம்பில் உரசியது, உடம்பு பின்னால் எகிறி, பின்மண்டை பானட் கொக்கியில் போய் இடித்தது. மூணு தையல். ஷாக்கால் எனக்கு ஒரு காயமும் இல்லை; ஷாக் அடித்ததும் உதறினேனே, அதற்குத்தான் இந்தத் தையல். எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்து கை ஃபேன் பக்கம் போயிருந்தால், இன்றைக்கு நான் இடது கையில் சாக்பீஸ் பிடித்துக்கொண்டிருப்பேன்.

ரெண்டு நாள் கழித்துத் தலையில் கட்டோடு பட்டறைக்குப் போனேன். அண்ணன் கட்டைப் பார்த்தார், கதையைக் கேட்டார், கேட்டது ஒரே கேள்வி.

"எதுல சார் சாஞ்சிருந்தீங்க?"

"செருப்புப் போட்டுத்தாண்ணே இருந்தேன்."

"செருப்ப விடுங்க. எதுல சாஞ்சிருந்தீங்க?"

இந்த இடத்தில்தான் என் படிப்பு என்னைக் கைவிட்டிருந்தது. வீட்டுக் கரண்டில் நியூட்ரலை எங்கேயோ மண்ணோடு எர்த் செய்திருப்பார்கள். அதனால் லைனைத் தொட்டவன் வழியாகக் கரண்ட் தரைக்குப் போகப் பார்க்கும். செருப்பு ஓரளவு தடுக்கும். காரில் கதை வேறு. பேட்டரியின் நெகட்டிவ் பாடியில் கட்டியிருக்கிறது, பிளக்கின் திருகுப் பகுதி எஞ்சினில் முறுக்கியிருக்கிறது. காயிலிலிருந்து கிளம்பும் கரண்டுக்கு வீடு திரும்பும் வழி எஞ்சின் இரும்பும் பாடித் தகரமும்தான். தரையைப் பற்றி அதற்கு அக்கறையே இல்லை. வண்டியே நாலு ரப்பர் டயர் மேல்தான் நிற்கிறது. என் வலது கை வயரில், இடுப்பு மட்கார்டில். நடுவில் நான். செருப்புக்கு அங்கே என்ன வேலை?

அன்றிலிருந்து பானட்டுக்குள் குனியும்போது நான் முதலில் பார்ப்பது என் காலை இல்லை, என் வயிற்றை. எஞ்சின் ஓடும்போதோ சாவி ஆனில் இருக்கும்போதோ உடம்பு தகரத்தில் படக்கூடாது. சாயாமல் முடியாது என்றால் மட்கார்டில் காய்ந்த கனமான ரப்பர் விரிப்பைப் போட்டுக்கொள்வேன். வேலை செய்யாத கை முதுகுக்குப் பின்னால் போய்விடும். ஒரு கையில் வயர், மறு கையில் எஞ்சின் என்று பிடித்தால் கரண்ட் போகிற வழி நெஞ்சு. அதைவிட மோசமான வழி கிடையாது.

இன்னொரு சந்தேகமும் இருந்தது. இத்தனை வருஷத்தில் வயரில் லேசாகக் கை பட்டிருக்கிறது, சின்னதாகச் சுள் என்றதோடு சரி. அன்றைக்கு மட்டும் ஏன் இப்படி? அண்ணனுக்குச் சொந்த ஊர் மேலூர்ப் பக்கம். அவர் சொன்ன உதாரணத்தை இப்போது நான் வகுப்பிலேயே சொல்கிறேன்.

"கண்மாய நெனச்சுக்கங்க சார். மடை தொறந்திருந்தா தண்ணி அது பாட்டுக்குப் போகும். மடைய அடைச்சுப்புட்டா? ஏறும். ஏறி ஏறி, எங்கன கரை நோஞ்சானா இருக்கோ அங்கன ஒடச்சுக்கிட்டுப் போகும். பிளக்குதான் மடை. நீங்க வயரப் புடுங்கி மடைய அடைச்சுட்டீங்க. நோஞ்சான் கரை நீங்க."

அவர் சொன்னது அச்சு அசல் சரி. காயிலுக்குள் தடித்த கம்பியில் சில நூறு சுற்று, மயிரிழைக் கம்பியில் பல ஆயிரம் சுற்று. விகிதம் ஏறக்குறைய ஒன்றுக்கு நூறு. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்ட் என்ற ஸ்விட்ச் சேர்ந்திருக்கும்போது தடித்த கம்பியில் 3, 4 ஆம்பியர் ஓடுகிறது. பாயிண்ட் திறந்த நொடியில் அது அறுபடுகிறது. பம்புசெட் வால்வைச் சட்டென்று மூடினால் பைப் தடாலென்று உதைக்குமே, அந்த மாதிரி. 12 வோல்ட்டில் கிடந்த தடித்த கம்பியிலேயே ஒரு கணம் இருநூறு, முந்நூறு வோல்ட் எழும்பும். மெல்லிய கம்பியில் அது ஆயிரங்களாக ஏறும். ஏற்றம் எங்கே நிற்கும் என்பது எதிரில் இருக்கும் இடைவெளியைப் பொறுத்தது. பிளக்கின் 0.6 மில்லிமீட்டர் இடைவெளியில், எஞ்சின் சும்மா ஓடும்போது, பத்தாயிரம் வோல்ட்டுக்கு உள்ளேயே பொறி தாவிவிடும். வயரைப் பிடுங்கி அந்தரத்தில் விட்டால் பழைய காயிலே இருபதாயிரத்தைத் தாண்டிப் போகும். அதற்குப் பிறகு அது தேடுவது வழி. ஈரமான வயர் தோல் வழி, விரல் வழி, இடுப்பு வழி.

இவ்வளவு வோல்ட் அடித்தும் ஆள் பிழைப்பதற்குக் காரணம், அதில் இருக்கும் சக்தி கொஞ்சம். பழைய காயிலில் ஒரு பொறிக்கு ஜூலில் பத்தில் ஒரு பங்குகூட வராது. நேரமும் ஓரிரு மில்லி செகண்டுதான். ஆனால் அது ஒரு பொறிக்கான கணக்கு. நாலு சிலிண்டர் எஞ்சின் 800 ஆர்.பி.எம்.மில் சும்மா ஓடினாலே காயில் வயரில் வினாடிக்கு 26, 27 பொறி. இதயக் கோளாறு உள்ளவர்களுக்கு இது விளையாட்டே இல்லை. பேஸ்மேக்கர் வைத்தவர்கள் ஓடும் எஞ்சின் மேல் குனியவே கூடாது; தொடாமல் பக்கத்தில் நின்றாலே அந்தக் கருவியைக் குழப்பலாம். என் பெரியப்பாவுக்கு பேஸ்மேக்கர் வைத்த நாளிலிருந்து அவர் வீட்டுக்கு வந்தால் நான் பானட்டையே திறப்பதில்லை.

அன்று சாயங்காலம் அண்ணன் இன்னொன்று காட்டினார். பட்டறை ஷட்டரை இறக்கி லைட்டை அணைத்துவிட்டு என் வண்டியை ஸ்டார்ட் செய்தார். கண் பழகும்வரை ஒன்றும் தெரியவில்லை. சலூனில் தலையில் அடிப்பார்களே, அந்த மாதிரி ஸ்பிரே பாட்டிலால் பிளக் வயர்கள் மேல் பனி மாதிரி தண்ணீர் தெளித்தார். எஞ்சின் தடுமாறியது, வயர்களின் முதுகில் நீல நிறத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி வெளிச்சம். ரெண்டாவது வயரில் வளைவு இருக்கும் இடத்தில் ஒரு பொட்டு மட்டும் நின்று விட்டு விட்டு மின்னியது. அங்கிருந்து பிளாக்குக்குச் சின்னக் கோடாகப் பொறி தாவுகிறது. "பகல்ல இதத் தேடுனா கையாலதான் கண்டுபிடிக்கணும்" என்றார். வயர்கள் எல்லாம் எத்தனை வருஷப் பழசு என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. நாலையும் மாற்றினோம். (வீட்டில் யாரும் செய்து பார்ப்பதாக இருந்தால், ஷட்டரை முழுக்க மூடிவிட்டு எஞ்சினை ஓட்டாதீர்கள், புகை ஆளைக் கொல்லும். அண்ணன் பட்டறையில் பின்பக்கம் சுவரே கிடையாது.)

வயரைப் பிடுங்குவதிலும் நான் செய்து வந்தது தப்பு. வயரைப் பிடித்து இழுப்பேன். இப்போது வரும் வயர்கள் பலவற்றுக்குள் செம்பு இல்லை, கார்பன் ஏற்றிய நூல்தான். இழுத்தால் உள்ளே அறுந்துபோகும், வெளியே ஒன்றும் தெரியாது. அறுந்த இடத்தில் பொறி உள்ளுக்குள்ளேயே தாவித் தாவி உறையை அரித்து ஓட்டை போடும். அடுத்து அங்கே கை வைப்பவனுக்குத்தான் அடி. ரப்பர் தொப்பியைப் பிடித்து, லேசாகத் திருகி, பிறகு இழுக்க வேண்டும். எஞ்சின் நின்ற பிறகு. சாவியை எடுத்த பிறகு.

சாவியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு தடவை, எஞ்சின்தான் ஓடவில்லையே என்று சாவியை ஆனில் விட்டு, மூடியைக் கழற்றி உப்புத்தாளால் பாயிண்ட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். காயில் வயர் மூடியோடு பக்கத்தில் தொங்கியது. நான் பாயிண்ட்டை விரலால் நெம்பித் திறக்கும் ஒவ்வொரு தடவையும், காயிலைப் பொறுத்தவரை எஞ்சின் ஓடுகிறது. பளீர் என்று ஒரு பொறி புறங்கையில். பாயிண்ட் சேர்ந்திருக்கும் நிலையில் சாவியை அணைத்தால்கூட அந்த நொடியில் ஒரு பொறி வரலாம். அதனால் வயரைக் கையில் பிடித்துக்கொண்டு "அணைச்சுரு மாப்ள" என்று சொல்வதும் ஆபத்துதான். இப்போது என் வழக்கம்: சாவி இருக்க வேண்டிய இடம் என் சட்டைப் பை. சீட்டில் உட்கார்ந்திருப்பவர் எவ்வளவு நம்பிக்கையான சொந்தக்காரராக இருந்தாலும் சரி. இழுத்துக்கொண்டே போகும் வேலை என்றால் பேட்டரி நெகட்டிவையும் கழற்றிவிடுவேன்.

சரி, கரண்ட் வருகிறதா என்று எப்படித்தான் பார்ப்பது? மடையை அடைக்காமல் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு உபரி பிளக் வைத்திருக்கிறேன். அதை வயரில் மாட்டி, பிளக்கின் இரும்பு உடம்பை ரெண்டு பக்கமும் முதலைக் கிளிப் போட்ட ஒரு வயரால் எஞ்சின் பிளாக்கோடு கடித்து வைத்துவிடுவேன். பெயின்ட் அடித்த இடத்தில் இல்லை, வெறும் இரும்பில். கார்புரேட்டரை விட்டுத் தள்ளி, பெட்ரோல் கசிவு இல்லை என்று மோந்து பார்த்த பிறகு. அப்புறம் ரெண்டு கையையும் எடுத்துவிட்டு ஒரு எட்டு பின்னால் நின்று, "அடி மாப்ள". பொறி நீலமாக, சத்தத்தோடு தாவினால் காயில் நன்றாக இருக்கிறது. மங்கிய ஆரஞ்சு என்றால் பாயிண்ட்டோடு சேர்ந்து வேலை செய்யும், சார்ஜைத் தேக்கும் கண்டென்சரையோ காயிலையோ சந்தேகப்படலாம். இதற்கென்றே ஸ்பார்க் டெஸ்டரும் கடைகளில் கிடைக்கிறது, விலையும் அதிகமில்லை.

எரியாமல் தவறுவது (மிஸ்ஸிங்) எந்த சிலிண்டர் என்று கண்டுபிடிக்க, ஓடும்போதே ஒவ்வொரு வயராகப் பிடுங்கும் பழக்கம் பல பட்டறைகளில் இன்னும் இருக்கிறது. அண்ணன் செய்ய மாட்டார். அணைத்து, ஒரு வயரைக் கழற்றி உபரி பிளக்கில் எர்த் செய்து, ஸ்டார்ட் செய்து கேட்பார், மறுபடி அணைப்பார். நாலு சிலிண்டருக்கும் பத்து நிமிஷம் ஆகும். திருப்புளியை வயருக்குள் செருகிப் பொறி பார்ப்பதும் அவருக்குப் பிடிக்காது. கைப்பிடி பிளாஸ்டிக்தானே என்றேன். அவர் தன் பழைய திருப்புளியை எடுத்துக் காட்டினார்: கைப்பிடியில் நீளவாக்கில் முடி மாதிரி ஒரு விரிசல், அதற்குள் கறுப்பாக எண்ணெய் அழுக்கு. "இதான் வாய்க்கா" என்றார்.

ஆபத்தைப் பற்றி இவ்வளவு பேசும் மனிதர், தான் பையனாகச் சேர்ந்த காலத்துக் கதையைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். புதுப் பையன் வந்தால் சீனியர்கள் ஒரு கண்டென்சரை சார்ஜ் ஏற்றி, "இந்தாடா, பிடி" என்று தூக்கிப் போடுவார்களாம். பிடித்தவன் அலறுவான். "நானும் பிடிச்சேன், நானும் போட்டேன்" என்றார். இப்போது அவர் பட்டறையில் யாராவது அதைச் செய்தால் அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பிவிடுவாராம். கழற்றிய கண்டென்சரின் வயரை அதன் தகர உறையில் ஒரு தடவை தொட்டு எடுத்துவிட்டுத்தான் மேஜையில் வைக்கிறார்.

பேட்டரியைப் பொறுத்தவரை 12 வோல்ட் காய்ந்த கையில் ஷாக் அடிக்காது. ஆனால் எரிக்கும். என் சக ஆசிரியர் ஒருவர் பாசிட்டிவ் நட்டை ஸ்பேனரால் முறுக்கும்போது ஸ்பேனரின் மறுமுனை பாடியில் தட்டியது, நடுவில் அவர் கல்யாண மோதிரம். மோதிரம் ஒரு நொடியில் பழுத்து, விரலைச் சுற்றி வட்டமாகத் தழும்பு இன்றும் இருக்கிறது. அதனால்தான் கழற்றும்போது முதலில் நெகட்டிவ், மாட்டும்போது கடைசியில் நெகட்டிவ். நெகட்டிவ் கழன்றிருந்தால் ஸ்பேனர் பாடியில் பட்டாலும் ஒன்றும் ஆகாது. மோதிரம், காப்பு, இரும்புச் சங்கிலி வாட்ச் எல்லாம் முதலில் டேஷ்போர்டுக்குள் போகட்டும்.

புது வண்டிகளில் பாயிண்ட்டும் இல்லை, மூடியும் இல்லை; பெரும்பாலும் ஒவ்வொரு பிளக் தலையிலும் ஒரு காயில் உட்கார்ந்திருக்கிறது. அது முப்பதாயிரம், நாற்பதாயிரம் வோல்ட் வரை போகும். ஓடும்போது அதைத் தூக்கினால் நமக்கும் அடி, காயிலுக்கும் கேடு. எரியாத பெட்ரோல் சைலன்ஸர் பக்கம் போய், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரையும் கெடுக்கும். மச்சினன் போன வருஷம் ஒரு ஹைபிரிட் வாங்கினான். அதன் பானட்டைத் திறந்ததும் ஆரஞ்சு நிறத்தில் தடித்த கேபிள்கள். நான் மூடிவிட்டேன். நம்ம காயில் மாதிரி ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போகிற கரண்ட் இல்லை அது. நூற்றுக்கணக்கான வோல்ட் டி.சி., பிடித்தால் விடாது, சக்தியும் தீராது. அதற்கென்று பயிற்சி எடுத்தவர்களும் கையுறையும் வேண்டும். அண்ணனிடம் கேட்டேன். "அது வேற சாமி சார். நமக்கு அந்தக் கோயில்ல பூசை இல்ல."

ஒருவேளை அடித்துவிட்டால் கொஞ்ச நேரம் உட்காருங்கள். கை மரத்துப்போவது பெரும்பாலும் கொஞ்ச நேரத்தில் சரியாகும். நெஞ்சு படபடப்பு, மூச்சுத் திணறல், தலைசுற்றல், நினைவு தவறுவது என்று ஏதாவது இருந்தால், அல்லது கரண்ட் நெஞ்சு வழியாகப் போயிருக்கும் என்று தோன்றினால், 108-க்குப் போன் போட்டு ஆஸ்பத்திரிக்குப் போய் ஈ.சி.ஜி. எடுத்துவிடுவது நல்லது. தையல் போட்ட அன்று எனக்கும் எடுத்தார்கள்.

இந்த வருஷ எதிர்சேவைக்கும் அதே ரோடு, அதே வண்டி. பந்தல் பக்கம் வந்ததும் பயல்கள் துருத்தியோடு தயாராக நின்றார்கள். போன தடவை பீய்ச்சியவர்களின் தம்பிகளாக இருக்கும். பீய்ச்சினார்கள், வண்டி நின்றுவிட்டது. சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டேன், பானட்டைத் திறந்தேன், மூடியைக் கழற்றி உள்ளேயும் வெளியேயும் காய்ந்த துண்டால் துடைத்தேன். வயர்களை ஒவ்வொன்றாக வழித்துவிட்டேன். இடுப்பு மட்கார்டில் படவில்லை.

"மாமா, செல்ஃப் அடிக்கவா?"

"இன்னும் பத்து நிமிஷம் காயட்டும் மாப்ள. போய் மோர் குடிச்சிட்டு வா, எனக்கும் ஒண்ணு வாங்கிட்டு வா."